அவுட்டான எதிரியைத் திருப்பி அழைத்த கேப்டன்!
மேட்ச் போச்சு... பேர் நின்னுது!

அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். பேட்ஸ்மேன் அவுட்! ரசிகர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, பந்து போட்ட அணியின் கேப்டனே அம்பயரிடம் போய், அவர் அவுட் இல்லை, ஆடட்டும் என்று சொன்னால்?

சொன்னார் ஒருவர். அவர்தான் குண்டப்பா விஸ்வநாத்!

1980 பிப்ரவரி. பம்பாய் வான்கடே மைதானம். இந்திய கிரிக்கெட் போர்டின் பொன்விழா டெஸ்ட். எதிரே இங்கிலாந்து. முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் மறுநாள் லீவு. காரணம், சூரிய கிரகணம்!

விஸ்வநாத்தைப் பற்றிச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் வேகப் புயல் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட்டைச் சாய்த்தாரே, அந்த இன்னிங்சில் இந்தியா எடுத்த 190 ரன்னில் 97 இவர் அடித்தது. கடைசி வரை அவுட்டே ஆகவில்லை. ஆள் குள்ளம். மட்டையைப் பிடித்தால் மலை!

விக்கெட் விழுந்தது... வேண்டாம் என்றார்!

பம்பாயில் இந்தியா முதலில் ஆடி 242 ரன். பதிலுக்கு வந்த இங்கிலாந்து 58 ரன்னில் 5 விக்கெட்டைப் பறிகொடுத்துத் தத்தளித்தது. களத்தில் போத்தமும், விக்கெட் கீப்பர் பாப் டெய்லரும். கபில்தேவ் வீசிய பந்தை கீப்பர் கிர்மானி பிடித்தார். 'அவுட்' என்றார் அம்பயர். டெய்லர் தயங்கி நின்றார்.

ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்குத் தெரியும், பந்து மட்டையில் படவில்லை. டி.வி. ரீப்ளே பார்த்துத் தீர்ப்பு சொல்லும் காலம் இல்லை அது. பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனாலும் அம்பயரிடம் போனார். அப்பீலை வாபஸ் வாங்கினார். அம்பயர் சம்மதித்தால் கேப்டன் அப்படிச் செய்ய விதியிலும் இடம் உண்டு. டெய்லர் மறுபடியும் ஆட வந்தார்.

விலை என்ன தெரியுமா?

போத்தம்-டெய்லர் ஜோடி 171 ரன் குவித்தது! டெய்லர் 43. போத்தம் 114. இங்கிலாந்து மொத்தம் 296. இரண்டாவது இன்னிங்சில் இந்தியா 149 ரன்னில் சுருண்டது. 10 விக்கெட் வித்தியாசத்தில் இங்கிலாந்து வெற்றி! போத்தம் மட்டும் 13 விக்கெட். டெய்லர் பிடித்த கேட்ச் 10. அன்றைக்கு அது உலக சாதனை!

கேப்டனாக விஸ்வநாத்துக்கு அது இரண்டாவது டெஸ்ட். அதுவே கடைசியும். அதன் பிறகு அந்தப் பதவி அவரைத் தேடி வரவில்லை. அந்த ஒரு முடிவுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கேப்டனாக அவர் கணக்கில் வெற்றி ஒன்றுகூட இல்லை என்பது நிஜம்.

வீம்பு இல்லை, விளம்பரம் இல்லை!

தான் ஆடும்போதும் அவர் அப்படித்தான். பந்து மட்டையில் பட்டது தெரிந்தால், அம்பயர் விரலுக்குக் காத்திருக்காமல் நடையைக் கட்டுகிற ரகம். தனக்கு ஒரு நியாயம், எதிரிக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

சில்லறை கூடுதலாக வந்தால் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கும் கடைக்காரர் நம் தெருவிலும் இருப்பார். அன்றைக்கு அவர் கல்லாவில் கொஞ்சம் குறையும். ஆனால் ஜனங்கள் மறுபடி தேடிப் போவது அந்தக் கடைக்குத்தான். விஸ்வநாத் டெஸ்டில் அடித்தது 6,080 ரன், 14 சதம். கிரிக்கெட் ரசிகர்கள் அவர் பேரை எடுத்தால், அந்த ரன் கணக்கோடு பம்பாயில் அவர் வேண்டாம் என்று விட்ட ஒரு விக்கெட்டையும் சேர்த்தே சொல்கிறார்கள்.