பழைய மொரிஸ் மைனரும் ஒரு காந்தமும்

வாப்பா ஓடியது போன்ற ஒரு மொரிஸ் மைனர் அண்மையில் விலைக்கு வந்தது. டிங்கர் வேலை தெரிந்த நானா ஒருவரோடு போனேன்.

இந்தக் காருக்குத் தனிச் செசி இல்லை. பொடியே பாரத்தைத் தாங்குகிறது. மட்கார்ட் துருப்பிடித்தால் கழற்றி மாற்றலாம், அது பெரிய விஷயமல்ல. கதவுக்குக் கீழுள்ள சில், தரைத் தகடு, பின் ஸ்பிரிங் பூட்டும் இடம் உக்கியிருந்தால்தான் ஆபத்து. வெட்டி ஒட்டும் செலவு காரின் விலையையே தாண்டலாம்.

சில்லில் வைத்த காந்தம் ஒட்டவில்லை. பெயின்டுக்குக் கீழே முழுக்கப் புட்டி.

தெரிந்த குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாது. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமையுண்டு. ஆனால் விற்க வந்தவரே அப்படி ஏமாந்து வாங்கியவர்தான். காந்தத்தை அவர் கையில் கொடுத்தேன், முகம் வாடிவிட்டது. விலையைக் குறைப்பதாகச் சொன்னார்.

காருக்குக் கீழே படுத்துப் பார்த்த நானா எழும்பி, "வேணாம் தம்பி" என்றார்.