வீட்டு மின்சாரப் பழுதுகளை அறிதலும் திருத்தலும்

ஆரணியாற்றின் கரையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்திருப்பது ஊத்துக்கோட்டை. இவ்வூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மின்விளக்கு இல்லாத வீட்டைக் காண்பது இன்று அரிது. 1957ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்த காலத்தில், கிராமத்து வீட்டில் ஓரிரு விளக்குகள் எரிவதே பெரிய காரியமாக இருந்தது. இன்றோ மின்விசிறி, மிக்சி, கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் என்று சாதனங்கள் பெருகிவிட்டன. ஆனால் பல வீடுகளில் சுவரில் ஓடும் கம்பி மட்டும், இரண்டு விளக்குகளுக்காக அன்று போட்ட அதே பழைய கம்பியாகவே இருந்து வருகிறது.

நம் தாய்மார்களிடையே ஒரு வழக்கம் உண்டு. கிரைண்டரைத் தொட்டால் ‘ஷாக்’ அடிக்கிறது என்றால், ஒரு மணைப் பலகையைப் போட்டு அதன்மேல் நின்று மாவு அரைப்பார்கள். சிலர் ரப்பர்ச் செருப்பு அணிந்துகொள்வார்கள். வேலை நடந்துவிடும்; பழுதும் மறந்துபோகும். ஆனால் பலகை அந்தப் பழுதைத் தீர்க்கவில்லை, ஒளித்துத்தான் வைத்தது. தரை ஈரமாயிருக்கும் ஒரு நாளில், பலகையை அறியாத குழந்தை அதே கிரைண்டரைத் தொடும்போது, மறைந்திருந்த பழுது உயிரையே கேட்டுவிடுகிறது. மின்சார விபத்துகளிற் பல திடீரென்று வருவன அல்ல. முன்னதாகவே அவை எச்சரிக்கை கொடுக்கின்றன. அவ்வெச்சரிக்கைகளைப் புரிந்துகொள்வது எப்படி, எவற்றை நாமே திருத்தலாம், எவற்றுக்குக் கம்பியாளரை அழைக்க வேண்டும் என்பவற்றை இங்கே காண்போம்.

மூன்று கம்பிகள்

வீட்டினுள் ஓட வேண்டிய கம்பிகள் மூன்று. மின்சாரத்தைக் கொண்டுவருவது பேஸ் கம்பி. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தில் இருக்கும். திருப்பிக் கொண்டுசெல்வது நியூட்ரல், நிறம் கறுப்பு. மூன்றாவது எர்த் கம்பி, பச்சை நிறமுடையது. முதலிரண்டும் நாள்தோறும் உழைப்பவை. எர்த் கம்பியோ, பழுது நேரும் நாளில் மட்டும் வேலை செய்வது. அதனாலேயே பலர் அதை வீண் செலவென்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

கிரைண்டரின் உள்ளே பேஸ் கம்பியின் உறை தேய்ந்து, இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். எர்த் இருந்தால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குச் சென்றுவிடும். நமக்கு வரும் மின்அழுத்தம் 230 வோல்ட். எர்த்தின் தடை 5 ஓம் அளவில் இருந்தால், 230ஐ 5ஆல் வகுக்க 46 ஆம்பியர் பாயும். 15 ஆம்பியர் பியூஸ் உடனே எரிந்து இணைப்பு துண்டிக்கப்படும். ஆனால் எர்த் குழி வறண்டு, தடை 50 ஓம் ஆகிவிட்டால், பாய்வது 4.6 ஆம்பியர் மட்டுமே. பியூஸ் எரியாது, கிரைண்டரின் கூடும் மின்சாரம் ஏறியபடியே இருக்கும். ஈரமான மனித உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் ஆகலாம். அப்போது உடல் வழியே 0.23 ஆம்பியர் வரை பாயக்கூடும். இதயத்தை நிறுத்துவதற்கு இதுவே போதும்.

ஆகவேதான் ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் தடுப்பான் அவசியமாகிறது. பேஸில் சென்ற மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வீடுகளுக்குரிய கருவி, 0.03 ஆம்பியர் கசிந்தாலே நொடிப் பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆயினும் அதிகச் சுமையையும் ஷார்ட் சர்க்யூட்டையும் அது தடுக்காது. அவற்றுக்கு எம்.சி.பி. அல்லது பியூஸ் தனியே வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று கருதலாகாது.

எர்த் போட வசதியில்லை என்று, பிளக்கின் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. இது மிகக் கொடிய தவறு. எங்கேனும் நியூட்ரல் அறுந்தால், அவ்வாறு இணைத்த சாதனங்களின் உலோகக் கூடுகள் அனைத்திலும் மின்சாரம் ஏறிவிடும்.

பழுதின் அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றுள் எது தென்பட்டாலும் அலட்சியம் செய்யலாகாது.

1. சாதனம், குழாய் அல்லது ஈரச் சுவரைத் தொட்டால் சுரீர் என்கிறது. இது மின்கசிவு. எர்த்தும் செம்மையாக இல்லை என்பது இதன் பொருள்.

2. சுவிட்சு சுடுகிறது, கறுத்திருக்கிறது, தீய்ந்த வாடை வீசுகிறது, அல்லது ‘கிர்’ என்ற ஓசை எழுகிறது. கம்பி முனையின் திருகு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இணைப்பில் தடை மிகுதி. தடை மிகுந்த இடத்தில் வெப்பம் மிகும். பல தீவிபத்துகள் இங்கேதான் தோன்றுகின்றன.

3. பியூஸ் அடிக்கடி எரிகிறது, எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. மாட்டிய உடனே விழுந்தால் ஷார்ட் சர்க்யூட் என்றும், சற்று நேரம் கழித்து விழுந்தால் அதிகச் சுமை என்றும் பெரும்பாலும் கொள்ளலாம்.

4. எல்லாச் சாதனங்களையும் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிய பின்னரும் மீட்டரின் சிறுவிளக்கு விட்டு விட்டு மினுக்குகிறது. வீட்டுக் கம்பியில் எங்கோ கசிவு இருக்கக்கூடும்.

5. சில விளக்குகள் மங்க, வேறு சில விளக்குகள் அளவுக்கு மீறிப் பிரகாசிக்கின்றன. நியூட்ரல் அறுந்ததற்கான அறிகுறி இது. உடனே மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை எவை?

இதற்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்சு, வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை அதே அளவிலும் அதே தன்மையிலும் மாற்றிக்கொள்வதை மட்டும் விலக்களித்து, ஏனைய கம்பி வேலைகளை உரிமம் பெற்றவர்களே செய்ய வேண்டும் என்றன. பின்னர் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இவ்வெல்லையைக் காத்து வருகின்றன. எனவே புதிய கம்பி இழுப்பது, எர்த் அமைப்பது, பெட்டியில் ஆர்.சி.சி.பி. பொருத்துவது ஆகியவை உரிமம் பெற்ற கம்பியாளரின் வேலைகள். மீட்டர், அதன் முன்னுள்ள கட்-அவுட், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் கம்பி ஆகியவை மின்வாரியத்தைச் சேர்ந்தவை. மெயினை நிறுத்திய பின்னும் அவற்றில் மின்சாரம் இருக்கும். அவற்றைத் தொடவே கூடாது.

வேலை செய்யும் முறை

நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் பலர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் சென்று வருகிறார்கள். இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர், அதன் சுவிட்சை நிறுத்திப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வது தொழிற்சாலைகளில் ஒழுங்கான முறை. அம்முறையையே வீட்டிலும் பின்பற்றலாம். மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எம்.சி.பி. உள்ள வீட்டில் அருகே ஒருவரை நிறுத்தி வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை நிறுத்தினாலும் கம்பியில் மின்சாரம் இருக்கும். ஆதலால் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, அதன் இணைப்பையும் கழற்ற வேண்டும். இதனை மறந்து வேலை செய்வது பெரும் ஆபத்து.

டெஸ்டரை நம்புவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்க்க வேண்டும். மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். வீடு முழுவதையும் நிறுத்திய பின் இச்சோதனைக்கு வேறிடம் இராதாகையால், பக்கத்து வீட்டுப் பிளக்கில் சோதித்துக்கொள்ளலாம். கெட்டுப்போன டெஸ்டர் எரியாததை, மின்சாரம் இல்லை என்று கொள்ளுதல் தகாது.

அடிக்கடி விழும் எம்.சி.பி.யின் காரணத்தை அறிய, அந்தச் சுற்றிலுள்ள பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, சுவிட்சுகளை நிறுத்திவிட்டு எம்.சி.பி.யைத் தூக்கிவிட வேண்டும். அப்போதும் விழுந்தால் பழுது சுவர்க் கம்பியில் உள்ளது. கம்பியாளரை அழைக்க வேண்டும். விழாவிட்டால் சாதனங்களை ஒவ்வொன்றாக இணைத்துப் பார்க்க, குற்றவாளி தானே வெளிப்படும். ஆர்.சி.சி.பி. விழுந்தாலும் இதே முறைதான். நிற்கவில்லை என்பதற்காக அதை விலக்கிவிட்டு நேரே இணைப்பது, வீட்டைக் காவல் காக்கும் நாய் குரைக்கிறதென்று அதை அவிழ்த்து விரட்டுவதற்கு ஒப்பாகும்.

பியூஸ் போடும்போது கைக்குக் கிடைத்த செப்புக் கம்பியை முறுக்கிப் போடலாகாது. 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர், 10 ஆம்பியருக்கு 0.35 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர் கனமுள்ள ஈயம் பூசிய செப்புக் கம்பியே உரியது. தடித்த கம்பி போட்டால் பியூஸ் எரியாது. அதற்குப் பதிலாகச் சுவர்க் கம்பி எரியும்.

சுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3 ஆம்பியரும், 1,500 வாட் வெந்நீர்க் கம்பிக்கு 6.5 ஆம்பியரும், 2,000 வாட் மின்அடுப்புக்கு 8.7 ஆம்பியரும் வேண்டும். சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் இவற்றுள் முதலாவதே தங்கும். ஏனையவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக்கும், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பியும் தேவை. விளக்கு, விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கம்பியையே வாங்க வேண்டும்.

மூன்று முனைப் பிளக்கைப் பொருத்தும்போது, நீண்டு தடித்த முனை எர்த்துக்கு உரியது என்பதை நினைவில் கொள்க. பிளக்கைச் செருகுகையில் எர்த் முதலில் இணையவும், பிடுங்குகையில் கடைசியில் விடவும் வேண்டும் என்பதற்காகவே அது நீளமாக அமைந்துள்ளது. அதை வெட்டி இரண்டு முனைத் துளையில் செருகுவது, பாதுகாப்பை நம் கையாலேயே வெட்டி எறிவதாகும்.

கோடையும் மழையும்

கோடையில் நிலம் வறண்டு எர்த்தின் தடை ஏறுகிறது. ஆற்றுமணல் கலந்த நிலத்தில் ஈரம் விரைவில் வடிந்துவிடும். எனவே சித்திரை, வைகாசி மாதங்களில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், குழாயோடு கம்பி சேரும் திருகில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் சுவர்கள் நனைந்து மின்கசிவு மிகுகிறது. பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் திறந்துவிடப்பட்டால் ஆரணியாற்றிலும் வெள்ளம் வரும். 2016ஆம் ஆண்டு வர்தா புயலும் 2023ஆம் ஆண்டு மிக்ஜாம் புயலும் நம் மாவட்டத்துக்குக் கற்பித்த பாடங்கள் மறக்கத் தக்கவை அல்ல. வீட்டில் நீர் புகுமுன் மெயினை நிறுத்திவிட வேண்டும். நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடலாகாது. நனைந்த வீட்டைக் கம்பியாளர் சோதித்த பின்னரே மீண்டும் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

துணி காயப்போட இரும்புக் கம்பியைக் கொடியாகக் கட்டுவதும், அதனை மின்கம்பத்திலோ ஸ்டே கம்பியிலோ கட்டுவதும், அங்கே கால்நடைகளைக் கட்டுவதும் உயிருக்கு ஆபத்தானவை. கொடிக்குக் கயிறே ஏற்றது. பன்றிகளுக்கு அஞ்சி வயல் வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். இரவில் நீர் பாய்ச்ச வரும் சொந்த மனிதனையே அது கொன்றுவிடும். அறுந்து விழுந்த கம்பியை யாரும் நெருங்காமல் காத்து, 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் பிடித்துக்கொண்டவரைக் கையால் தொடலாகாது. முதலில் மெயினை நிறுத்த வேண்டும். அது இயலாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்கலாம். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்தும். உயரழுத்தக் கம்பி என்றால் அருகிலேயே செல்லலாகாது. 108 எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரத்தால் எழுந்த தீயில் நீரை ஊற்றாமல், மெயினை நிறுத்தி, உலர்ந்த மணலைக் கொட்ட வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

தெருக்களிலும் பொது இடங்களிலும் விளக்கேற்றுவது கிராமப் பஞ்சாயத்தின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறுகிறது. அவ்விளக்குக் கம்பங்களில் மூடியில்லாத பெட்டிகள் உள்ளனவா என்று பார்ப்பதும் அக்கடமையைச் சேர்ந்ததே. மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் அறை, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பஞ்சாயத்து அலுவலகம் ஆகியவற்றில் எர்த் செம்மையாக உள்ளதா, மின்கசிவுத் தடுப்பான் இருக்கிறதா என்று உரிமம் பெற்ற கம்பியாளரைக் கொண்டு சோதிக்கச் செய்யலாம். தடுப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் அதை மாற்ற வேண்டும். அரசு உதவியுடன் கட்டப்படும் வீடுகளில், சுவர் பூசுவதற்கு முன்னரே எர்த் கம்பி இழுக்கப்பட்டிருக்கிறதா என்று உறுப்பினர்கள் நேரில் காண்பது நலம். பூசிய பின் சுவரை உடைத்துச் செய்யும் வேலைக்குச் செலவு பன்மடங்காகும்.

ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக வருபவை. அவற்றில் இப்பொருளை எடுத்து, ‘உங்கள் வீட்டில் எதைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது?’ என்ற ஒரே கேள்வியைப் பெண்களிடம் கேட்டாற்போதும். ஊரில் எத்தனை வீடுகளில் கிரைண்டருக்கு முன் பலகை கிடக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அவ்வீடுகளை மழைக்கு முன் சோதித்துச் சீர்செய்ய ஏற்பாடு செய்யும் பஞ்சாயத்து, தன் ஊரில் ஓர் உயிரையேனும் காத்த பஞ்சாயத்தாகும்.