ஓய்வெடு என்பதும் ஓர் ஆணை

தில்லியில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லே நகரில் இறங்கிவிடலாம். ஏறும்போது கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடி உயரத்தில் இருந்த உடம்பு, இறங்கும்போது 10,600 அடிக்கு மேல் நிற்கிறது. நம் தொட்டபெட்டா உச்சிகூட 8,650 அடிதான்.

சியாச்சின் காவலுக்காக அங்கே வந்து இறங்கும் இளம் சிப்பாய்க்குக் கிடைக்கும் முதல் உத்தரவு, அவர் பயிற்சியில் கேட்ட எந்த உத்தரவைப் போலவும் இருக்காது. மூட்டையை இறக்கி வை, படு. முதல் இரண்டு நாள் கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் நடந்துபோவதைத் தவிர வேலை எதுவும் கிடையாது. மூன்றாம், நான்காம் நாள்களில் சமதரையில் ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் மெதுநடை. ஐந்தாம், ஆறாம் நாள்களில் ஐந்து கிலோமீட்டர் வரை நடக்கலாம், 300 மீட்டர் வரை மேடேறலாம், அதுவும் நிதானமாக. இது 9,000 முதல் 12,000 அடி வரையிலான முதல் கட்டம். 12,000 அடியைத் தாண்டினால் மறுபடி நான்கு நாள். 15,000 அடியைத் தாண்டினால் இன்னும் ஒரு நான்கு நாள். ஆகப் பதினான்கு நாள். விடுப்பில் ஊருக்கு வந்து நான்கு வாரத்துக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினால், பழைய கணக்கெல்லாம் செல்லாது; முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ராணுவத்தின் பாதுகாப்பு விதிகளில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்தப் பதினான்கு நாள்தான். ஓடு, ஏறு, தாங்கு என்றே பழக்கப்படுத்திய ஒருவரைச் சும்மா இருக்கச் சொல்வது எளிதல்ல. ஆனால் அந்தச் சும்மாவுக்குள் உடம்பு செய்யும் வேலை கொஞ்சநஞ்சமல்ல.

உயரே போனால் ஆக்ஸிஜன் குறைந்துவிடும் என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு மெரினாவிலும் 21 சதவீதம்தான், சியாச்சினிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 18,000 அடியில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாலும் உள்ளே போவது பாதிக் காற்றுதான். சியாச்சினின் உயர்ந்த காவல் நிலைகள் 21,000 அடியை ஒட்டி இருக்கின்றன. அங்கே தண்ணீர் 80 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது.

இந்த மெல்லிய காற்றில் நுரையீரலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப் பைகள் இருக்கின்றன. பைக்குள் இருக்கும் காற்றையும் வெளியே ஓடும் ரத்தத்தையும் பிரிக்கும் சுவர், தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக்ஸிஜன் குறைந்தால் உடம்பின் மற்ற இடங்களில் ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும். நுரையீரலில் மட்டும் அவை சுருங்கும். சமவெளியில் இது நல்ல ஏற்பாடு. சளி அடைத்து ஒரு மூலையில் காற்று போகவில்லை என்றால், அந்த மூலைக்குப் போகும் ரத்தத்தை மடக்கி, காற்று நிறைந்த பக்கம் திருப்பிவிடுகிறது.

மலையிலோ மூலை என்று ஒன்றில்லை. நுரையீரல் முழுவதும் ஆக்ஸிஜனுக்குத் தவிக்கிறது. குழாய்கள் எங்கும் சுருங்குகின்றன, ஆனால் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. அதிகம் சுருங்காத பக்கமாக ரத்தம் முட்டிக்கொண்டு பாய்கிறது. அழுத்தம் தாங்காமல் அந்த நூலிழைச் சுவர் கசிய, காற்று இருக்க வேண்டிய பையில் நீர் கோத்துக்கொள்கிறது. வந்து சேர்ந்த இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இது தலைகாட்டும். முதலில் நாலு எட்டு வைத்தாலே இளைப்பு, இரவில் வறட்டு இருமல். முற்றினால் இளஞ்சிவப்பு நுரையோடு சளி. கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சுற்றிலும் உறைந்த பனி. மனிதர் தன் நெஞ்சுக்குள்ளேயே மூழ்குகிறார். ராணுவத்தில் இதை ‘ஹேப்போ’ என்று சுருக்கிச் சொல்வார்கள்.

மூட்டை சுமந்து மேடேறினால் இதயம் வேகமாக இறைக்கும். நுரையீரல் குழாய்களில் அழுத்தம் இன்னும் கூடும். படு என்ற உத்தரவுக்குக் காரணம் இதுதான். படுத்திருக்கும்போது கழுத்துத் தமனியில் இருக்கும் சிறு உணர்வு முடிச்சுகள் ஆக்ஸிஜன் குறைவை அறிந்து மூச்சை வேகப்படுத்துகின்றன. வேகமூச்சால் கரியமில வாயு அதிகம் வெளியேற, ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. அதைச் சிறுநீரகங்கள் சிறுநீர் வழியாகச் சரிசெய்தால்தான் மூச்சு மேலும் ஆழமாகும். இதற்குச் சில நாள்கள் பிடிக்கும். புதிய சிவப்பணுக்கள் சேர வாரக் கணக்காகும்.

இந்த அறிவு எளிதில் வரவில்லை. 1962 சீனப் போரின்போது சமவெளியில் இருந்த படைகளை அவசரமாக மலைக்கு அனுப்பினார்கள். திடகாத்திரமான இளைஞர்கள் குண்டடி படாமலேயே மூச்சுத்திணறிச் சாய்ந்தார்கள். அதற்கு முன் இது நிமோனியா என்றே பலவேளை கருதப்பட்டது. நிமோனியா அல்லாத தனி நோய் என்று அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் 1960இல் எழுதியிருந்தார். நம் ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவினரும் 1965இல் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார்கள். 1969இல் 1,925 சிப்பாய்களிடம் கண்ட மலைநோயைப் பற்றிய அவர்களது கட்டுரை வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் மலை மருத்துவம் படிப்பவர்கள் அதைப் புரட்டுகிறார்கள். நம் சிப்பாய்கள் மூச்சைக் கொடுத்து எழுதிய பாடம் அது.

அந்தப் பாடத்தில் பலர் நம்ப மறுப்பது ஒன்று உண்டு: உடல் வலிமை இந்த நோயைத் தடுக்காது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் வரும். சொல்லப்போனால் அவருக்குத்தான் ஆபத்து கூடுதல் என்பேன். தலைவலியைச் சொன்னால் கோழை என்பார்களோ என்று மறைத்துக்கொண்டு மேலே ஏறுகிறவர் அவர்தானே. அதனால்தான் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சொல்கிறார்கள். உதடு நீலம் பாரிக்கிறதா, பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா? ஆம் என்றால் ஆக்ஸிஜன் கொடுத்துக் கீழே இறக்க வேண்டும். ஹெலிகாப்டர் வர வானிலை இடம் கொடுக்காவிட்டால், ஆளைக் காற்றுப் புகாத நீண்ட பைக்குள் படுக்கவைத்துக் காற்றடிப்பார்கள். பைக்குள் அழுத்தம் ஏறும். பல ஆயிரம் அடி கீழே இறங்கியதற்கு அது சமம்.

ஆபத்து மெல்லிய காற்றோடு முடிந்துவிடுவதில்லை. குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டிக் கூடாரத்தை இறுக மூடினால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை; ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெளியே எத்தனை குளிர் என்றாலும் காற்றோட்டத்துக்கு ஒரு திறப்பு விட்டாக வேண்டும். துப்பாக்கி உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். பனிக்கடி வலிக்காது, மரத்துப்போகும், ஆபத்தே அதுதான். பனியைத் தேய்த்தால் சரியாகும் என்ற பழைய நம்பிக்கை சதையை இன்னும் சிதைக்கும். மீண்டும் உறையாத இடத்துக்கு வந்த பிறகு, உடல் சூட்டை ஒட்டிய வெந்நீரில் வைப்பதே சரி.

இத்தனை செய்தும் மலை சில சமயம் வென்றுவிடுகிறது. 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரக் காவல் நிலையின் மேல் பனிச்சரிவு இறங்கியது. உள்ளே இருந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மதராஸ் ரெஜிமென்டின் 19ஆம் படைப்பிரிவினர். பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து 25 அடிப் பனிக்கு அடியிலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டார். 11ஆம் தேதி தில்லியில் இறந்துபோனார். எதிர்ப்பக்கமும் இதே துயரம்தான். 2012 ஏப்ரலில் கயாரியில் சரிந்த பனி பாகிஸ்தானியர் 140 பேரைப் புதைத்தது. 2003 நவம்பரிலிருந்து அங்கே போர்நிறுத்தம். துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் சாவு ஓயவில்லை. 1984இல் சியாச்சினில் கால் வைத்ததிலிருந்து அங்கே நாம் இழந்த சிப்பாய்களில் பகைவரின் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் உயரத்துக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அதிகம்.

இப்போதெல்லாம் நம் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக லடாக் சுற்றுலா போகிறார்கள். நாலு நாள் பயணத்தில் இரண்டாம் நாளே 17,500 அடிக் கணவாய்க்கு வண்டி ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சிப்பாய்க்கு விதித்த அந்த முதல் இரண்டு நாளை உங்களுக்கும் விதித்துக்கொள்ளுங்கள்; அறையில் படுத்துக் கிடங்கள். தலைவலியோடு மேலே ஏறாதீர்கள். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.