மாதவிடாய் நிறைவு: பெண்களின் அனுபவத்தில் உள, சமூகக் காரணிகள்

பேதை முதல் பேரிளம்பெண் வரை பெண்ணின் வாழ்வை ஏழாகப் பகுத்த பாட்டியல் மரபு, நாற்பது வயதோடு நின்றுவிடுகிறது. உலா இலக்கியம் காதலுக்குரிய வயதையே கருதியதால் இவ்வெல்லை வியப்பளிப்பதன்று. ஆயினும், மாதவிடாய் நிற்கும் பருவம் அப்பகுப்பில் பெயரின்றி விடப்பட்டது. ‘மாதவிடாய் நிறைவு’ என்பது இன்றைய கலைச்சொல். வீடுகளில் ‘நின்றுபோச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வாராதிருப்பதே மருத்துவ வரையறை. ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவால் திடீர் வெப்பம், வியர்வை, உறக்கமின்மை, எரிச்சல் முதலியன தோன்றலாம். அவற்றின் கடுமை எல்லாரிடத்தும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

மார்ஷா ஃபிளிண்ட் 1975இல் வெளியிட்ட கட்டுரை இங்குக் குறிப்பிடத்தக்கது. ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் ஆகிய பகுதிகளின் ராஜபுத்திரப் பெண்களிடம் மாதவிடாய் மாற்றங்களைத் தவிர வேறு தொல்லைகள் மிகக் குறைவாகவே இருந்தன என்றார் அவர். முகத்திரை நீங்கி ஆடவரோடு அமர்ந்து பேசும் உரிமை அவர்களுக்கு அப்பருவத்தில்தான் கிடைத்தது. இழப்புக்கு ஈடாக ஒரு பேறு வாய்த்தது என்பதே அவரது விளக்கம். மார்கரெட் லாக் 1993இல் ஜப்பானியப் பெண்களிடம் திடீர் வெப்பத்தைவிடத் தோள் இறுக்கமும் தலைவலியும் மிகுந்திருப்பதைக் காட்டி, உடலே இடத்திற்கு இடம் வேறுபடக்கூடும் என்று வாதிட்டார்.

தமிழ்ச் சூழலிலும் அத்தகைய பேறு உண்டு. தீட்டு விலக்கு நீங்குகிறது. ஐம்பது கடந்தவர் சபரிமலைக்கு இருமுடி சுமக்கிறார். ஆனால் இதனை எல்லார்க்கும் பொதுவாக்க இயலாது என்பது என் கருத்து. ஆவடி மாநகராட்சியின் சேக்காடு போன்ற புறநகரில், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பணிக்குச் செல்லும் பெண்ணுக்குத் தீட்டு நீங்குவதால் வேலைநேரம் குறைவதில்லை. மகள் திருமணக் கடன், மாமியாரின் நோய், தன் மூட்டுவலி ஆகிய அனைத்தும் அதே ஆண்டுகளில் வந்து சேரக்கூடும். கடை ஊழியர்க்கு இருக்கை வேண்டும் என்பதே தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகத்தான் சட்டமாயிற்று. மகப்பேறு வாய்க்காதவர்க்கோ இப்பருவம் இறுதி நம்பிக்கையும் முடிந்துபோன நாளாகலாம்.

எனவே ஃபிளிண்டின் முடிவை இன்று வேறு விதமாகவும் வினவ வேண்டியுள்ளது: தொல்லை குறைவா, அதனைச் சொல்லும் வாய்ப்புக் குறைவா? இது ஆய்வுமுறைச் சிக்கலும் ஆகும். 21 வினாக்கள் கொண்ட கிரீன் அளவுகோலைத் தமிழாக்குவோர் ‘வெப்ப அலை’ என்று எழுதினால், அக்கினி நட்சத்திரக் காலத்தில் அதற்கு எல்லாரும் ‘ஆம்’ என்றே விடையளிப்பர். ‘குப்பென்று வியர்க்கிறதா?’ என்பதே அவர்களுக்குப் புரியும் மொழி. அவ்வளவுகோலின் இறுதி வினா பாலுறவு நாட்டம் பற்றியது. மருமகள் அடுப்படியில் நிற்க, ஓரறை வாடகை வீட்டில், மகள் வயதுடைய ஆய்வாளர் அதனைக் கேட்கும்போது கிடைக்கும் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்னும் விடையை ‘அறிகுறி இல்லை’ என்று பதிவுசெய்தல் பிழையாகும். அவ்வினாவை விடையளிக்கப்படாததாகக் குறித்து, தனிமை வாய்க்கும் வேறொரு நாளில் மீண்டும் கேட்பதே தகும்.