எஞ்சி நிற்கும் புற்றணுக்கள்

கடும் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்படும்போது உடலில் ஏறத்தாழ 1 லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கக்கூடும். மருந்தினால் ஆயிரத்துக்கு 999 அழிந்தாலும் 100 கோடி எஞ்சும். அந்நிலையில் எலும்பு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் நோக்கினால், நோய் நீங்கியதுபோலவே தோன்றும். ஆனால் தணிவு வேறு, குணம் வேறு.

இந்த எச்சத்தை அளக்க, அணுக்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, லேசர் ஒளியினூடே ஒவ்வொன்றாகச் செலுத்துவர். 10,000 அணுக்களிடையே ஒரு புற்றணு இருப்பினும் இம்முறையில் புலப்படும்.

நம் நாட்டில் 1983-இல் மஜ்ஜை மாற்றாகத் தொடங்கிய மூல உயிரணு மாற்றுச் சிகிச்சைக்கு முன் இச்சோதனை இன்றியமையாதது. எச்சமுள்ளவர்க்கு, மாற்றுக்குப் பின்னும் நோய் மீளும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் சிகிச்சை பயனற்றதன்று. அவர்களிலும் நலமடைவோர் உளர். மேலும் மருந்து தருவதையும், பின்னர் நெருங்கிக் கண்காணிப்பதையும் மருத்துவர் இதனைக் கொண்டே வகுப்பர்.

இரத்தம் சீராயிற்றென்று சிகிச்சையை இடையில் நிறுத்தலாகாது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் எடுத்துரைத்தல் வேண்டும்.