‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கி

இரயில் நிலையங்களிலும் கருவூல வாயில்களிலும் காவலர் தோளில் நீண்ட மரக்கட்டைத் துப்பாக்கியொன்றை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு; ஆதலின் அதற்கு ‘த்ரீ நாட் த்ரீ’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பார் வகுத்த தாழ்ப்பாள் அமைப்பும், இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆலை அமைத்த குழலும் இணைந்து 1895ஆம் ஆண்டில் ‘லீ என்ஃபீல்டு’ உருவாயிற்று. அது பத்துத் தோட்டாக்கள் கொள்வது. இரு உலகப் போர்களும் அதன் தேவையைப் பெருக்கின. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும், கல்கத்தாவை அடுத்த நம் இச்சாப்பூரிலுமாக ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டதாகக் கணக்கிடுவர்.

உறுதியும் மலிவும் அதன் சிறப்புகள். ஆனால், கைவசம் மிகுந்திருக்கும் கருவியை மாற்ற எவருக்கும் எளிதில் மனம் எழுவதில்லை. 1962இல் இமயத்தின் பனியில், ஒவ்வொரு வேட்டுக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய இத்துப்பாக்கியோடு நம் வீரர்கள் தானியங்கிப் படைக்கலங்களை எதிர்த்து நின்றனர். அதன் பின்னரே தாமாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகள் நம் படையில் பரவலாயின. காவலர் கைகளிலோ பழைய துப்பாக்கி மேலும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

எண்ணிக்கையால் மட்டும் படைக்கலம் பயன் தருவதில்லை. காலத்திற்கு ஏற்றதாயும் இருத்தல் வேண்டும். அதற்குரிய விலையை அன்று கொடுத்தவர்கள் எல்லையில் நின்ற வீரர்களே என்பதை நாம் மறத்தலாகாது.