உஷார்! புராடக்ட் மேனேஜரை வேலைக்கு எடுக்கிறீர்களா?

பம்ப்செட், கிரைண்டர் என்று தொழில் செய்த கோவை முதலாளிகள் இப்போது மொபைல் ஸ்டார்ட்டர், ஆப், சாஃப்ட்வேர் என்று இறங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால், பெரிய கம்பெனிப் பெயர் போட்ட பயோடேட்டாவைப் பார்த்த மயக்கத்தில், எந்தப் பொருளைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் புராடக்ட் மேனேஜரை எடுத்துவிடாதீர்கள்!

தப்பான ஃபிட்டரை எடுத்தால் ஒரு மெஷின் நிற்கும். தப்பான புராடக்ட் மேனேஜரை எடுத்தால், யாருக்கும் வேண்டாத பொருளை உங்கள் இன்ஜினியர்கள் மாதக்கணக்கில் ராப்பகலாகச் செய்துகொண்டிருப்பார்கள். நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதற்குள் நல்ல ஆட்களும் கிளம்பிவிடுவார்கள்.

இந்த வேலைக்கு அடிப்படை, வாங்குபவரின் கஷ்டம் தெரிவது. 1931-ல் பி அண்ட் ஜி கம்பெனியில் நீல் மெக்எல்ராய் எழுதிய குறிப்பிலிருந்துதான் இந்தப் பதவியே வளர்ந்தது. விற்பனை மந்தமான பகுதிக்கு நேரில் போ, கடைக்காரரையும் வாங்குபவரையும் பார் என்பது அதில் முக்கியமான வேலை. நம்மூர் மென்பொருள் நிறுவனமான கோவை.கோவின் நிறுவனர் சரவணகுமார், மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் மென்பொருளில் கன்சல்டன்டாக இருந்தவர். அதில் என்ன குறை என்று அனுபவித்துத் தெரிந்த பிறகே 2011-ல் பிஸ்டாக்360 என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்.

இன்டர்வியூவில் இவற்றைக் கவனியுங்கள்:

* டெலிவரி தேதி, வேலைப் பட்டியல் மட்டுமே பேசுகிறாரா? அவர் புராஜெக்ட் மேனேஜர். அது வேறு வேலை.
* "எதை வேண்டாம் என்று நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஆபத்து.
* நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறாரா? வேண்டவே வேண்டாம்.

நீங்கள் செய்வது, பம்ப்செட் மோட்டாரை போனிலிருந்தே இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் என்றால், ஆஃபர் கொடுக்கும் முன் ஒரு நாள் சம்பளம் கொடுத்து, அன்னூர், பொள்ளாச்சி பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்புங்கள். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால் மோட்டார் போட விவசாயி என்ன பாடுபடுகிறார், கிணற்றடியில் சிக்னல் கிடைக்கிறதா என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதித் தரட்டும். ஆப்பில் புதிதாகப் பத்து வசதி சேர்க்கலாம் என்று எழுதினால் அனுப்பிவிடுங்கள். "மோட்டார் ஓடுதா, தண்ணி வருதா என்று வீட்டிலிருந்தே உறுதியாகத் தெரிந்தால் போதும் என்கிறார்" என்று எழுதினால், விடாதீர்கள்!

இன்னொரு எச்சரிக்கை உங்களுக்கே. நம்பிக்கையான ஆள் என்பதற்காக மச்சானையோ மாப்பிள்ளையையோ இந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். தகுதியானவரை எடுத்த பிறகு, டீலர் ஒருவர் போன் செய்தார் என்று நீங்களே நேராக இன்ஜினியரிடம் போய் வேலையை மாற்றாதீர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லையென்றால், எவ்வளவு கெட்டிக்காரரும் ஆறு மாதத்தில் பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுவார்.